ஈசலுக்குத் தூக்கிய கை

“கர்த்தர் பெலன் தருவார்.”

என் வயதுக்காரர்களே, அதிலும் சபை வளாகத்தைச் சுற்றி வளர்ந்தவர்களே, இந்த வாக்கியத்தை எத்தனை தடவை கேட்டிருக்கிறீர்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. ஒன்றைக் கவனித்தீர்களா என்று மட்டும் கேட்கிறேன். இதைச் சொல்கிறவர் எப்போதும் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். கேட்கிறவர் குடமோ பெட்டியோ பிள்ளையோ எதையாவது சுமந்துகொண்டு நின்றிருப்பார். எனக்கு இப்போது முழங்கால் தேய்ந்துவிட்டது. ஆலயப் படி ஏறுவதற்குள் உயிர் போய்த் திரும்புகிறது. போன ஞாயிறு எங்கள் இளம் போதகர் அதைப் பார்த்துவிட்டு, கர்த்தர் பெலன் தருவார் என்றார். படிக்கு ஒரு கைப்பிடி வைத்துக் கொடுங்களேன் தம்பி என்றேன். சிரித்துக்கொண்டே காரில் ஏறிப் போய்விட்டார்.

அன்றிலிருந்து சித்தி நினைப்பாகவே இருக்கிறது. எழுபதுகளின் கடைசியில் ஒரு கார்த்திகை மாதம். எனக்கு ஒன்பது, பத்து வயது இருக்கும். திருவண்ணாமலையில் கார்த்திகை என்றால் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. விடாத தூறல். தெருவெல்லாம் சேறும் சாணமும். மாட்டுச் சந்தைக்கு வந்தவர்கள் நம் வீட்டு வாசலில் மூட்டையை இறக்கி வைத்துவிட்டுக் குடிக்கத் தண்ணீர் கேட்பார்கள். தீபம் பார்க்க வந்த கூட்டத்தைத் தாண்டிப் பால்காரர் வந்து சேர மாட்டார். ஊரே மலையைப் பார்த்துக் கும்பிடுகிற அந்த நாட்களில்தான், போட்டிக்குப் போட்டியாக, எங்கள் சபையார் எழுப்புதல் கூட்டம் நடத்துவார்கள். கோயில் மேளம் ஒரு பக்கம், எங்கள் ஒலிபெருக்கி ஒரு பக்கம். நடுவில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் பாடு திண்டாட்டம்.

நாங்கள் ஓர் இந்துக் குடும்பத்தின் வீட்டில் பின்பகுதியில் குடியிருந்தோம். அப்பா தாலுகா ஆபீஸில் குமாஸ்தா, சபையில் செயலாளர். ஆபீஸில் யார் வந்தாலும் எழுந்து நிற்பார். அதற்கு வட்டியும் முதலுமாக ஞாயிற்றுக்கிழமை எங்கள் எல்லாரையும் எழுந்து நிற்கச் சொல்வார். சித்தி அம்மாவின் தங்கை. பெற்றவர்கள் போய்ச் சேர்ந்த பிறகு எங்களோடு இருந்தாள். ஆசிரியர் பயிற்சி முடித்து, கீழ்பென்னாத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சொல்லி வைத்து, உத்தரவுக்குக் காத்திருந்தாள்.

சித்திக்கு இழுப்பு இருந்தது. ஐப்பசியில் மழை தொடங்கினால் மாசி வரைக்கும் அவள் நெஞ்சுக்குள் யாரோ ஊதுகுழல் ஊதுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்கும். நான் அவள் பக்கத்தில் படுத்துக்கொண்டு அதைக் கேட்டபடியே தூங்குவேன். நொச்சி இலை போட்டு ஆவி பிடிப்பாள். அதற்கும் அடங்காவிட்டால் ஒரு மாத்திரை. மாத்திரைகளை ஒரு காலிப் பவுடர் டப்பாவில் வைத்திருந்தாள். ரோஜாப்பூப் படம் போட்ட தகர டப்பா, திறந்தால் பவுடரும் மருந்தும் கலந்து ஒரு வாசனை வரும். அந்த டப்பா இப்போது எங்கே கிடக்கிறதோ தெரியாது. அந்த வாசனை மட்டும் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

இனி மலை விஷயம். எங்கள் மிஷனுக்கு ஜவ்வாது மலையில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. கூரை வேய்ந்த ஒரே அறை, ஒரு கரும்பலகை, பின்னால் சமைத்துக்கொள்ள ஒரு மறைப்பு. அதில் இருந்த வாத்தியார் குளிரும் தனிமையும் தாங்காமல் இறங்கி வந்துவிட்டார். அந்த இடத்துக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். மிஷன் வருஷக் கூட்டத்தில் மற்றச் சபைக்காரர்கள் எழுந்து, எங்கள் சபை ஒரு ஊழியரைக் கொடுத்தது என்று நெஞ்சை நிமிர்த்துவார்கள். எங்கள் சபை யாரையும் கொடுத்ததில்லை. இது எங்கள் பெரியவர்களுக்கு மானப் பிரச்சினையாகிவிட்டது.

கொடுப்பதற்கு ஆள் இல்லாமல் இல்லை. எங்கள் மூத்த டீக்கன், அவருடைய மனைவி முதல் பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தபோதே, ஆண் பிறந்தால் ஊழியத்துக்கு என்று பொருத்தனை பண்ணினவர். பொருத்தனை என்றால் வேறொன்றுமில்லை, நேர்ந்து விடுவதுதான். ஆணும் பிறந்தான். கிடாய் மாதிரி வளர்ந்தான். பேங்கில் வேலை கிடைத்ததும், கர்த்தர் அவனை பேங்கிலே வைத்துப் பயன்படுத்தச் சித்தமானார் என்று டீக்கன் சாட்சி சொன்னார். சபையும் அல்லேலூயா என்றது. பேங்கில் அவன் செய்த ஊழியம் என்ன என்பது இன்று வரைக்கும் யாருக்கும் தெரியாது. பெண்கள் சங்கத் தலைவிக்கும் கல்லூரி முடித்த பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களுக்கும் கர்த்தருடைய சித்தம் சமவெளியிலேயே கிடைத்துவிட்டது.

அந்த வருஷத்து எழுப்புதல் கூட்டத்துக்கு மெட்ராஸிலிருந்து ஒரு பிரசங்கியாரைக் கூட்டி வந்தார்கள். ஆலயத்துக்கு எதிரே தென்னங்கீற்றுப் பந்தல், கீழே ஜமுக்காளம், சவுக்குக் கம்பங்களில் டியூப் லைட். அன்று சாயங்காலம்தான் மழை விட்டிருந்தது. விளக்குப் போட்டதும் எங்கிருந்துதான் வந்ததோ, ஈசல். ஒலிபெருக்கியில் ஈசல், பாட்டுப் புத்தகத்தில் ஈசல், பிரசங்கியாரின் வாய்க்குள்ளும் ஒன்று போய்விட்டு வந்தது. இறகு உதிர்ந்து ஜமுக்காளமெல்லாம் வழுவழு என்று கிடந்தது. பெண்கள் முக்காட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

பிரசங்கியார் கடைசியில் குரலைத் தாழ்த்தினார். “எல்லாரும் கண்களை மூடிக்கொள்ளுங்கள். யாரும் யாரையும் பார்க்க வேண்டாம். நான் பார்க்கிறேன், கர்த்தர் பார்க்கிறார்” என்றார். அந்த வரிசையில்தான் சொன்னார். பிறகு, “மலைதேசத்தில் ஆத்துமாக்கள் அழிந்துகொண்டிருக்கிறார்கள். நான் போகிறேன் ஆண்டவரே என்று சொல்லுகிற ஒரு கை, ஒரே ஒரு கை எனக்குத் தெரிய வேண்டும்” என்றார்.

எல்லாரும் கண்ணை இறுக மூடிக்கொண்டார்கள். டீக்கன் மகன் மூடின வேகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். நான் மூடவில்லை. ஈசல் என்ன செய்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று சித்தியின் முக்காட்டுக்குள் நுழைந்தது. அவள் தலையைச் சிலுப்பினாள். போகவில்லை. காதுக்குப் பக்கத்தில் போய்ப் படபடவென்று அடித்தது. சித்தி வலது கையை உயர்த்தி முக்காட்டைத் தூக்கி உதறினாள்.

“அதோ! ஒரு கை!” என்று கத்தினார் பிரசங்கியார்.

சித்தி, கையை இறக்க மறந்துபோய், அது யார் கை என்று திரும்பிப் பார்த்தாள்.

பிறகு நடந்ததெல்லாம் ஒரே தள்ளுமுள்ளு. பக்கத்தில் இருந்த பெண்கள் அவளை எழுப்பி முன்னால் தள்ளினார்கள். பிரசங்கியார் அவள் தலையில் கையை வைத்து அழுத்தினார். அவள் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். ஒலிபெருக்கி முன்னால் அவர் குரலுக்கு எதிரே யார் குரல் எடுபடும்? பாட்டு தொடங்கிவிட்டது. எங்கள் அப்பா அழுதார். சந்தோஷத்தில். அவருடைய வீட்டிலிருந்து ஒரு ஆள் போகிறதே, வருஷக் கூட்டத்தில் எழுந்து நின்று சொல்லப் போகிறவர் அவரல்லவா.

வீட்டுக்கு வந்ததும் சித்தி அம்மாவிடம் சொன்னாள். “அக்கா, நான் ஒண்ணும் கை தூக்கலக்கா. காதுல ஈசல் பூந்துடுச்சு. அத தட்டி விட்டேன்.”

அம்மா முதலில் வாய் விட்டுச் சிரித்தாள். சிரித்து முடிப்பதற்குள் அவளுக்கே பயம் வந்துவிட்டது. அப்பாவிடம் போய்ச் சொன்னாள். எனக்கு அப்போதுதான் வீரம் வந்து, “ஆமாப்பா, நான் பார்த்தேன், ஈசல்தான்” என்றேன்.

“நீ எப்படிப் பார்த்த?” என்றார் அப்பா. “ஜெபத்துல கண்ண தொறந்துட்டு இருந்தியா?”

கன்னத்தில் ஒன்று விட்டார். அந்தக் கூட்டத்தில் உண்மையைப் பார்த்த ஒரே ஆள் நான். கண்ணை மூடாததால் என் சாட்சி செல்லாது. கண்ணை மூடியிருந்தவர்கள் அத்தனை பேரும் அவள் கை தூக்கியதை அறிந்தவர்கள். நம் பெரியவர்களின் நியாயம் இப்படித்தான் இருந்தது, இதற்கு நாம் பயந்து வேறு நடந்தோம்.

சித்தி விடவில்லை. “மாமா, சத்தியமா ஈசல்தான் மாமா” என்றாள்.

அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு முகம் மலர்ந்து, “சரிம்மா. அந்த ஈசல அனுப்புனது யாரு?” என்றார்.

அடுத்த நாள் அப்பாவும் சித்தியும் போதகரிடம் போனார்கள். போதகர் நல்ல மனிதர்தான், யாரையும் எதிர்க்காத அளவுக்கு நல்லவர். அவரும், வேதத்தில் ஒரு கழுதையின் வாயைக் கொண்டே பேசின கர்த்தர் ஈசலைக் கொண்டு அழைக்க மாட்டாரா என்றார். “ஐயா, எனக்கு இழுப்பு இருக்கு. மலைக் குளிர் ஒத்துக்காது” என்றாள் சித்தி. போதகர் நாற்காலியில் சாய்ந்தார். “கர்த்தர் பெலன் தருவார்ம்மா” என்றார்.

எங்கள் வீட்டுக்காரம்மாவுக்கு இது எப்படியோ தெரிந்துவிட்டது. அவள் வருஷா வருஷம் தீபத்தன்று மலையேறுகிறவள். கொல்லையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே அம்மாவைக் கேட்டாள். “இன்னாம்மா இது? எங்க சாமிகிட்ட கைய தூக்குனா கும்புடறோம்னு அர்த்தம். உங்க சாமிகிட்ட தூக்குனா உடனே வேலைக்கு எடுத்துக்குவாரா?” அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அப்பா உள்ளே இருந்ததால் இருமி மறைத்தாள்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் எங்கள் வீட்டுக்கு ஆள் வராத சாயங்காலம் கிடையாது. எல்லாரும் சித்தியைப் பார்க்க வந்தார்கள். வந்தவர்கள் வெறுங்கையோடு வரவில்லை. கண்ணாடி போட்ட வசனப் படம் கொண்டு வந்தார்கள். வெல்வெட் துணியில் ஜிகினா ஒட்டிய வசனம், கிளிஞ்சல் ஒட்டிய வசனம், பல்பு எரிகிற வசனம். கரண்டே இல்லாத மலைக்குப் பல்பு. சித்தியின் பச்சை டிரங்குப் பெட்டியில் துணி வைக்க இடமில்லாமல் போயிற்று. அத்தனையிலும் பெலத்தைப் பற்றித்தான் எழுதியிருந்தது. ஒரு கம்பளி கொடுக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. சபைப் பணத்தில் நல்ல சால்வை ஒன்று வாங்கினார்கள், உண்மை. அதை மெட்ராஸுக்குத் திரும்பின பிரசங்கியாருக்குப் போர்த்தி அனுப்பினார்கள்.

அம்மா மனம் கேட்காமல் பெண்கள் சங்கத் தலைவியிடம், சங்கத்தில் சொல்லி ஒரு ஸ்வெட்டர் பின்னித் தர முடியுமா என்று கேட்டாள். தலைவி, “ஆவியோட அனல் இருக்கறப்போ ஸ்வெட்டர் எதுக்கும்மா?” என்றாள். சொல்லும்போது அவள் ஒரு ஸ்வெட்டர் போட்டிருந்தாள். காப்பிக் கலர், முழுக்கை.

இதையெல்லாம் நினைத்துச் சிரிக்கலாம். அடுத்து நடந்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வருவதில்லை. ஒரு வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் சித்தியை நடுவில் முழங்கால் போட வைத்து, சுற்றி நின்று, அவளுடைய இழுப்பைத் துரத்தினார்கள். டீக்கன் போட்ட சத்தத்தில் எந்த வியாதியும் போய்விடும் என்றுதான் நானும் நினைத்தேன். முடிந்ததும் டீக்கன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, “சுகமாயிடுச்சு. இன்னையோட மாத்திரய நிறுத்திடு. மாத்திரயும் போட்டுக்கிட்டு விசுவாசிக்கறேன்னு சொன்னா அது விசுவாசம் இல்ல” என்றார். அவருக்குச் சர்க்கரை. அவருடைய மாத்திரை அவர் சட்டைப் பையிலேயே இருந்தது.

அப்பா வீட்டுக்கு வந்ததும் பவுடர் டப்பாவைத் திறந்து மாத்திரைகளைக் கொல்லைச் சாக்கடையில் கொட்டினார். சித்தி பார்த்துக்கொண்டே நின்றாள். அவளும் பாதி நம்பினாள் என்று நினைக்கிறேன். அந்த நாட்களில் அவள் முழங்காலில் நின்று கேட்டுக்கொண்டே இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். விடியற்காலையில் கண் விழித்தால் பக்கத்தில் பாய் காலியாக இருக்கும். சுவர் ஓரமாக அவள் குனிந்திருப்பாள். “பெலன் குடுங்க ஆண்டவரே, பெலன் குடுங்க” என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருப்பாள். வேறு எதையும் கேட்டதில்லை.

வழியனுப்பு ஆராதனை ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தின நாள் மத்தியானம், மழை கொட்டிக்கொண்டிருந்தபோது, சித்திக்கு மூச்சு அடைத்துவிட்டது. அம்மா சோறு வடித்துக்கொண்டிருந்தாள். நான் சித்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தேன். அவள் இரண்டு கையையும் தரையில் ஊன்றிக்கொண்டு முன்னால் சாய்ந்தாள். தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்கின. உதடு நாவற்பழம் தின்ற மாதிரி நீலமாகிவிட்டது. எப்போதும் கேட்கிற ஊதல் சத்தம் நின்றுபோயிருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நான் போட்ட கூச்சலில் அம்மா வந்தாள், வீட்டுக்காரம்மாவும் ஓடி வந்தாள். வீட்டுக்காரம்மா தெருவுக்குப் போய்ச் சந்தைக்காரர் ஒருவருடைய மாட்டு வண்டியை நிறுத்தினாள்.

அப்பா கதவருகே நின்றார். “கொஞ்சம் பொறுங்க. ஒரு வார்த்த ஜெபிச்சுட்டு போலாம்” என்றார்.

அம்மா அப்பாவை அதுவரைக்கும் எதிர்த்துப் பேசிக்கூட நான் கேட்டதில்லை. அன்று ஒரு கையால் தங்கையைத் தாங்கிக்கொண்டு இன்னொரு கையால் அப்பாவை நெஞ்சில் பிடித்துத் தள்ளினாள். “நீங்க இங்கியே நின்னு ஜெபிங்க” என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கினாள்.

பெரியாஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். கொஞ்சம் கொஞ்சமாக அந்த ஊதல் சத்தம் திரும்பி வந்தது. கேட்க அவ்வளவு சந்தோஷமாக இருந்தது எனக்கு. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டாள், இந்த உடம்போடு குளிர் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொன்னார். சாயங்காலம் தலைவி வந்து பார்த்தாள். “ஜெபம் பண்ணியும் ஏன் திரும்பி வந்துச்சு? எங்கியோ விசுவாசம் கம்மியா இருக்கு” என்றாள். “நாளைக்கு ஆராதனைக்கு வந்துடும்மா. மிஷன் தலைமையிடத்துலேர்ந்து பெரியவங்க வர்றாங்க. ஒரு மணி நேரம்தான். கர்த்தர் பெலன் தருவார்.”

அம்மா அவளுக்குக் காப்பிகூடக் கொடுக்கவில்லை.

மறுநாள் சித்தி வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு வந்தாள். நானும் அம்மாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டோம். ஆலயம் நிறைந்திருந்தது. டீக்கன் எழுந்து, எங்கள் சபை ஒரு விதையை விதைக்கிறது என்றார். அப்பா அறிக்கை வாசித்தார். அதில் ஈசல் இல்லை. கூட்டத்தில் ஒரு ஒளி இறங்கியது என்று இருந்தது. பிறகு, கர்த்தர் தன்னை அழைத்த விதத்தைச் சாட்சியாகச் சொல்லும்படி சித்தியைக் கூப்பிட்டார்கள்.

சித்தி முன்னால் போய் நின்றாள். முதலில் மூச்சுத்தான் கேட்டது. வாக்கியத்துக்கு வாக்கியம் நிறுத்தி நிறுத்திப் பேசினாள்.

“எனக்கு மேடையில பேச வராது. இத்தன நாளா நான் கர்த்தர்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். பெலன் குடுங்கன்னு. மலைக்குப் போறதுக்குத்தான் கேக்கறேன்னு நெனச்சுட்டு இருந்தேன். நேத்து ஆஸ்பத்திரியில படுத்துட்டு இருந்தப்போ தெரிஞ்சுது. மலைக்குப் போறது எனக்குக் கஷ்டம் இல்ல. நீங்க வண்டி ஏத்தி விட்டா போயி அங்க செத்துப் போயிருப்பேன், அவ்ளோதான். இங்க வந்து, உங்க எல்லார் முன்னாடியும் நின்னு, போமாட்டேன்னு சொல்றதுதான் எனக்கு முடியாம இருந்துச்சு.”

நிறுத்தி மூச்சு வாங்கினாள்.

“இப்ப சொல்றேன். நான் போகல. என்னைக் கூப்பிட்டது கர்த்தர் இல்ல. அவரு கூப்ட்டா எனக்குத் தெரியும். அங்க பிள்ளைங்க இருக்குது, வாத்தியார் வேணும், அது நெசம். இழுப்பு இல்லாதவங்க இங்க நெறைய பேரு உக்காந்திருக்கீங்க. அவங்களுக்கு அவரு பெலன் குடுக்கட்டும்.”

டீக்கன் மகன் தன் ஷூவைக் குனிந்து பார்த்தான். தலைமையிடத்துப் பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். போதகர் அவசர அவசரமாக ஒரு கீர்த்தனையின் எண்ணைச் சொன்னார். அந்தப் பாட்டை அவ்வளவு சத்தமாக எங்கள் சபை பாடி நான் கேட்டதில்லை. சித்தி பாட்டு முடியும் வரைக்கும் அங்கேயே நின்றாள். அதன் பிறகுதான் இறங்கி வந்தாள்.

அவளைப் பற்றி என்னவெல்லாம் சொன்னார்கள் என்று சொல்லி என் வாயைக் கசக்க வைத்துக்கொள்ள நான் விரும்பவில்லை. சோம்பேறி, பின்வாங்கிப் போனவள், கல்யாண ஆசை பிடித்தவள், ஊழியத்துக்கு நீட்டிய கையை இழுத்துக்கொண்டவள். அப்பா அவளோடு பேசுவதை நிறுத்தினார். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, “அவங்கள சாப்புடச் சொல்லு” என்று என் மூலமாகப் பேசினார். கீழ்பென்னாத்தூர் உத்தரவு வந்ததும் சித்தி டிரங்குப் பெட்டியோடு பஸ் ஏறினாள். வசனப் படங்களை அம்மா பரணில் தூக்கிப் போட்டாள். அங்கே ஒரு வீட்டில் அறை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனாள் சித்தி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் பஸ்ஸில் எங்கள் ஆலயத்துக்கே வந்தாள். பெண்கள் பக்கத்தில் கடைசி வரிசையில் உட்காருவாள். வேறு சபைக்குப் போயேன் என்று அம்மாகூடக் கேட்டாள். “நான் எதுக்குப் போணும்?” என்றாள் சித்தி.

மலைக்கு யார் போனார்கள் என்று கேட்பீர்கள். ஒருவரும் போகவில்லை. போகிறவர்களுக்காக வாரா வாரம் ஜெபம் மட்டும் நடந்தது.

இரண்டு வருஷம் கழித்து, கோடை விடுமுறைக்கு அம்மா என்னைக் கீழ்பென்னாத்தூருக்கு அனுப்பினாள். போன மறுநாளே சித்தி என்னை எழுப்பிப் பையைக் கட்டச் சொன்னாள். ஒரு பஸ், இன்னொரு பஸ், அதற்குப் பிறகு நடை. அப்போதுதான் எங்கே போகிறோம் என்று எனக்குப் புரிந்தது. அக்னி வெயிலில் ஊர் வெந்துகொண்டிருந்தது. மலையில் காற்று காய்ந்து, இதமாக இருந்தது. பலாப்பழ வாசனை. சித்தி திருப்பத்துக்குத் திருப்பம் உட்கார்ந்தாள். வெட்கப்படவில்லை, அவசரப்படவும் இல்லை. முந்தானையில் மாத்திரை முடிந்திருந்தாள். பெரியாஸ்பத்திரி டாக்டரிடம் கேட்டுக்கொண்டுதான் வந்திருக்கிறாள், சித்திரை வைகாசியில் மட்டும் போகலாம் என்று அவர் சொல்லியிருக்கிறார். போன வருஷமும் வந்திருக்கிறாள். அம்மாவுக்கு மட்டும் தெரியும்.

அந்தக் கூரைப் பள்ளிக்கூடத்தின் கதவைத் திறந்தபோது வௌவால் நாற்றம் அடித்தது. பிள்ளைகள் எங்கிருந்தோ ஓடி வந்து அவள் பையைப் பிடுங்கிக்கொண்டார்கள். கரும்பலகையில் அவள் போன வருஷம் எழுதிய எழுத்துகள் லேசாகத் தெரிந்தன. அழிக்காமல் விட்டிருந்தார்கள். விடுமுறை முடிகிற வரைக்கும் அங்கே இருந்தோம். காலையில் அ, ஆ. சாயங்காலம் கணக்கு. நடுவில் பெரியவர்களுக்குக் கடுதாசி எழுதிக் கொடுப்பாள், கட்டி புண்ணுக்கு மருந்து போடுவாள். படுக்கப் போகும்முன் எங்கள் எல்லாரையும் உட்கார வைத்து ஒரு சின்ன ஜெபம்.

“அன்னிக்கு மாட்டேன்னு சொன்னியே சித்தி. இப்ப மட்டும் ஏன் வர்ற?” என்று கேட்டேன்.

“அன்னிக்கு என்னைக் கூப்ட்டது அந்த மெட்ராஸ்காரரு” என்றாள்.

“இப்ப?”

அவள் மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். “இப்ப வேற” என்றாள்.

அந்த வருஷம் மழைக்கு முன்னால் எங்கள் போதகர் ஞானஸ்நானம் கொடுக்க மிஷன் ஜீப்பில் மலைக்குப் போய்விட்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் அதைச் சொன்னார். மலையில் பிள்ளைகள் எழுத்துக் கூட்டிப் படிக்கிறார்களாம். வெயில் காலத்தில் யாரோ ஒரு டீச்சரம்மா வந்து சொல்லிக் கொடுக்கிறாராம். எந்தச் சபை அனுப்பினது என்று தெரியவில்லையாம். ஆலயம் முழுக்க ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று முணுமுணுப்பு.

பிறகு அப்பாவை ஜெபிக்கச் சொன்னார்கள். அப்பா எழுந்து கையை விரித்தார். “பரம பிதாவே, எங்களில் பலவீனர் பின்வாங்கின இடத்துக்கு நீர் வேறொரு பெலசாலியை எழுப்பினீரே, உமக்குக் கோடி ஸ்தோத்திரம். முகம் அறியாத அந்தச் சகோதரியின் விசுவாசத்தைக் கண்டு எங்கள் வீட்டார் வெட்கப்படட்டும் ஆண்டவரே. அவருக்கு இன்னும் பெலன் தாரும்” என்றார். நடிப்பில்லை, மனசாரத்தான் கேட்டார். மனிதர் இவ்வளவு மனசார இவ்வளவு பெரிய முட்டாளாக இருக்க முடியுமா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து கத்தப் போனேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த சித்தி என் தொடையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடி வந்ததில் அவளுக்கு இன்னும் மூச்சு அடங்கவில்லை.

“சும்மா இருடி. ஜெபிக்கட்டும்” என்றாள். “வர்ற சித்திரைக்கு மறுபடியும் ஏறணும். எனக்கு வேணும்.”

அப்பா முடித்ததும், எல்லாரையும் முந்திக்கொண்டு, ஆலயம் முழுக்கக் கேட்கிற மாதிரி ஆமென் சொன்னாள்.